வாடைக்கா, சோழகத்துக்கா?

பிள்ளைகளா, பரணில் கிடக்கிற என் பழைய ஸ்பானர் பெட்டியை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அதன் தகர மூடியின் உட்பக்கம், ஒரு ஓரத்தில் 'வா' என்றும் எதிர் ஓரத்தில் 'சோ' என்றும் ஆணியால் கீறியிருக்கும். சின்னவள் ஒரு தடவை, இந்தப் பெட்டி யாரை வா என்று கூப்பிடுகிறது என்று கேட்டாள். பெரியவன், அது யாரோ இரண்டு பேருடைய முதலெழுத்து என்று அடித்துச் சொன்னான். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். சொல்லக் கூச்சமாக இருந்தது, வேறொன்றுமில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

1963-ஆம் வருஷம், மாசி மாதம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆலங்குடியில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, தோட்டங்களில் தண்ணீர் இறைக்கிற ஆயில் எஞ்சின்களுக்கு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற காலத்தில் எஞ்சின் நின்றுபோனால், என்னைத் தேடி வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். நான் தொட்டு ஓடாத எஞ்சின் இல்லை என்று நாலு பேர் சொல்ல, நானும் அதை நம்பிக்கொண்டிருந்த வயது.

அப்படி ஒருநாள் கொட்டகைக்கு ஒருவர் வந்து நின்றார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். வெயிலில் கறுத்த உடம்பு, வெளுத்த சட்டை. மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமம் அவருக்கு. அந்தப் பக்கமெல்லாம் அப்போது தஞ்சாவூர் ஜில்லா, நாங்கள் திருச்சி ஜில்லா. புதுக்கோட்டை மாவட்டம் என்ற ஒன்று அப்போது ஏது? அவர் ஒரு மீன்பிடிப் படகு வைத்திருந்தார். பாயும் துடுப்பும் உள்ள படகு அல்ல, டீசல் எஞ்சின் வைத்தது. அந்த ஊரிலேயே அது ஒன்றுதான். தன்னுடைய பாய்மர வள்ளத்தை விற்றுவிட்டு, சர்க்கார் ஆபீசில் எழுதிக் கொடுத்துத் தவணைக் கடனில் வாங்கிய படகு. வாங்கிய கொஞ்ச நாளிலேயே காமாலை விழுந்து, தேறி எழுந்திருக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. படகு கரையிலேயே கிடந்துவிட்டது.

வருகிற சனிக்கிழமை ஆபீசர் நேரில் வருகிறார் என்றும், அன்றைக்குப் படகு ஓடாவிட்டால் எடுத்து வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். படகு போய்விட்டால் பழைய வள்ளமும் இல்லை. அவர் இன்னொருத்தர் வள்ளத்தில் கூலிக்கு வலை இழுக்க வேண்டியதுதான். "எங்க பக்கம் எஞ்சினுன்னா யாருக்கும் தெரியாதுங்க. நீங்க வந்து ஒரு பார்வை பாக்கணும்" என்றார்.

"எஞ்சின் தரையில இருந்தா என்ன, தண்ணியில இருந்தா என்னண்ணே, எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தேன். அந்த வார்த்தையை அப்புறம் எத்தனை தடவை நினைத்துக்கொண்டேன் தெரியுமா?

அறந்தாங்கிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். இறங்கி ஒரு மைல் மணலில் நடந்தோம். கடல் என்றால் அலை ஆளுயரத்துக்கு எழும்பும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே நம் கண்மாய் மாதிரி சத்தமில்லாமல் கிடந்தது. கரையில் உருட்டுக் கட்டை மேல் ஏற்றி, முகம் கடலைப் பார்க்க, அந்தப் படகு நின்றது.

எஞ்சின் அறை என்பது நடுவில் ஒரு பலகைப் பெட்டி. மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு கோழி அடை படுத்திருந்தது. அவர் சம்சாரம் ஓடிவந்து, சிரிப்பும் வெட்கமுமாகக் கோழியையும் முட்டைகளையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு போனார். எஞ்சின் முழுக்க உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. புகைக்குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. வீலை அசைத்துப் பார்த்தேன். செத்த மாடு மாதிரி அசையவே இல்லை.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அதைப் பிரிப்பதிலேயே போயின. பிஸ்டன் துருவேறி ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டு, கட்டை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினேன். துடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தால் பிஸ்டன் கண்ணாடி மாதிரி இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். புதன்கிழமை வால்வு அரைத்து, டீசலைப் பீச்சுகிற நாசிலைச் சுத்தம் பண்ணி, செம்பு வாஷர்களை அந்த அம்மாவின் அடுப்பிலேயே சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கினேன். குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு எனக்கு அடுப்பைக் கொடுத்தார்கள்.

அடுத்தது டைமிங். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே இருக்கிற காற்றை அழுத்திச் சூடாக்கும். அது உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் டீசல் உள்ளே பாய வேண்டும். உச்சி தாண்டிப் பாய்ந்தால், போய்விட்ட ஊஞ்சலைத் தள்ளுகிற கதைதான்; எஞ்சின் பிடிக்காது. இதற்காக வீலில் இரண்டு கோடு போட்டிருப்பார்கள். ஒன்று உச்சிக் கோடு. மற்றது டீசல் பாய்கிற கோடு. வீல் சுற்றும்போது டீசல் கோடு முதலில் வரும், உச்சிக் கோடு பின்னால் வரும்.

அந்த வீலில் இரண்டு கோட்டையும் துரு தின்றிருந்தது. புதிதாகப் போட வேண்டும். நம் தோட்டத்து எஞ்சினாக இருந்தால் ஒரே ஆள் போதும். வீலும், நாசிலுக்கு டீசலைத் தள்ளுகிற பம்பும் கைக்கு எட்டும். படகில் அப்படி இல்லை. வீல் முன்பக்கம், பம்பு பின்பக்கம், நடுவில் ஒரு தடுப்புப் பலகை. நான் பின்னால் குந்தி, நாசில் துவாரத்தில் கம்பியை விட்டுப் பிஸ்டன் உச்சிக்கு வருவதைத் தடவிப் பார்க்க வேண்டும். அவர் எனக்கு எதிரே, முன்பக்கம் குந்தி வீலைத் திருப்ப வேண்டும். நான் அவரைப் பார்க்க முடியாது, அவர் என்னைப் பார்க்க முடியாது. குரல் மட்டும்தான்.

உச்சி வந்ததும் நிறுத்தச் சொன்னேன். வீலுக்கு மேல் அசையாமல் நிற்கிற முள்ளுக்கு நேரே, வீலில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு நீளக் கோடு போட்டார். பிறகு நான் சொன்னேன்: "இப்ப இங்கிட்டு, பீச்சாங்கைப் பக்கமா, நாலு விரல் தள்ளி ஒரு சின்னக் கோடு போடுங்கண்ணே."

"இங்கிட்டா?"

"ஆமா, இங்கிட்டுத்தான்."

"போட்டாச்சு மேஸ்திரி."

அவ்வளவுதான் பேச்சு. அந்தச் சின்னக் கோட்டுக்குச் சரியாகப் பம்பைப் பூட்டினேன். அவர் கோட்டை முள்ளுக்குக் கொண்டுவந்து குரல் கொடுக்க, நான் பின்னாலிருந்தே மூன்று தடவை சரிபார்த்தேன். மூன்று தடவையும் மயிரிழை பிசகவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் பின்பக்கமிருந்து ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினோம். வெள்ளைப் புகை வந்தது. ஒரு இருமல்கூட இல்லை. மாற்றி மாற்றிச் சுற்றினோம். வெள்ளிக்கிழமை காலையில் மறுபடியும் நாசிலைக் கழற்றினேன், வால்வைப் பார்த்தேன், டீசலை வடிகட்டினேன். டைமிங்கைத் திரும்ப ஒருமுறை சரிபார்த்தேன். கோட்டுக்குச் சரியாகவே இருந்தது. திரும்பவும் வெள்ளைப் புகைதான். கரையில் வலை காய வைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருத்தராக வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார்கள். ஒருவர், "மேஸ்திரி, இது எஞ்சினா, சாம்பிராணிக் கிண்ணமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். படகுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை, "அவரு வேலையப் பாக்கவிடுங்கப்பா" என்றார்.

சாயங்காலம் எனக்குக் கை இரண்டும் கொப்புளித்துவிட்டது. என்ன பிசகு என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஆலங்குடியிலிருந்து கூட்டி வந்த மேஸ்திரி நான். வாயில் வந்தது இதுதான்: "பிஸ்டன் போயிருச்சுண்ணே. உள்ள தேஞ்சுபோச்சு. இதுக்கு மேல மெட்ராசுக்குக் கொண்டு போனாத்தான் உண்டு."

கண்ணாடி மாதிரி இருந்த பிஸ்டனைத்தான் அப்படிச் சொன்னேன்.

அவர் எஞ்சின் பெட்டியின் மூடியை இறக்கி மூடினார். பிறகு, "சரி மேஸ்திரி. ஒங்களால ஆனதைப் பாத்துட்டீங்க. கையெல்லாம் புண்ணாக் கெடக்கு, கழுவிட்டுச் சாப்பிட வாங்க" என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் எனக்கென்று தனியாக மீன் பொரித்து வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் அவர் படகுக் காகிதங்களை ஒரு துணிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆபீசர் வந்து எல்லோர் எதிரிலும் படகை இழுத்துக்கொண்டு போவதைப் பார்ப்பதைவிட, தானே மணமேல்குடிக்குப் போய் அவரைக் கண்டு காகிதத்தைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். காலை பஸ்ஸைப் பிடிக்க ரோட்டுக்குப் போனார். நான் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போவதாக ஏற்பாடு.

போவதற்கு முன்னால், எஞ்சின் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து எண்ணெய் விட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. அந்த அளவுக்காவது மனசு உறுத்தியது. வீலைத் திருப்ப ஆள் வேண்டும். அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் புருஷன் குந்தியிருந்த அதே இடத்தில், எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இங்கிட்டுக் கொஞ்சம் திருப்புங்க தங்கச்சி" என்றேன்.

வீல் அசையவில்லை. பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"இங்கிட்டுன்னா ஒங்களுக்கு இங்கிட்டாண்ணே, எனக்கு இங்கிட்டா?"

"என் பீச்சாங்கைப் பக்கம்."

"ஒங்க பீச்சாங்கை வாடைக்கு இருக்கு. என் பீச்சாங்கை சோழகத்துக்கு இருக்கு. வாடைக்கா, சோழகத்துக்கா, அதச் சொல்லுங்க."

எனக்குப் புரியவில்லை என்று தெரிந்துகொண்டு அவரே விளக்கினார். வாடைக் காற்று வடக்கேயிருந்து வருகிறது, சோழகக் காற்று தெற்கேயிருந்து வருகிறது. அவர்களுக்குத் திசைக்குப் பெயரே அதுதான். வலது, இடது, இங்கிட்டு, அங்கிட்டு எல்லாம் ஆளுக்கு ஆள், திரும்பி நின்றால் மாறிப்போகும், காற்று மாறாது. "கடல்ல போயி இங்கிட்டு அங்கிட்டுன்னு சொன்னா, ஒருத்தன் ஒரு பக்கமும் இன்னொருத்தன் ஒரு பக்கமும் இழுத்துப் படகு கவுந்துரும்ணே" என்றார்.

கையில் இருந்த எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தேன். மெதுவாகக் கேட்டேன்: "தங்கச்சி, வீல்ல நீளக் கோடு ஒண்ணு இருக்கும். பக்கத்துல சின்னக் கோடு ஒண்ணு இருக்கும். அந்தச் சின்னக் கோடு எந்தப் பக்கம் இருக்கு?"

"சோழகப் பக்கம்."

அது வாடைப் பக்கம் இருக்க வேண்டிய கோடு. நான் கடலைப் பார்த்துக் குந்தியிருந்தேன், என் இடது கை வடக்கே. படகுக்காரர் கரையைப் பார்த்துக் குந்தியிருந்தார், அவர் இடது கை தெற்கே. 'இங்கிட்டா' என்று அவர் கேட்டதும் 'இங்கிட்டுத்தான்' என்று நான் சொன்னதும் ஒரே வார்த்தை, ஆனால் வேறு வேறு பக்கம். உச்சிக்கு முன்னால் வர வேண்டிய டீசலை உச்சிக்குப் பின்னால் வரவைத்துவிட்டு, இரண்டு நாளாக ஒரு நல்ல எஞ்சினைப் போட்டு வதைத்திருக்கிறேன்.

"அண்ணன் ஏன் இதைக் கேக்கல?" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"நீங்க மேக்கே இருந்து வந்த ஆளு. எங்க பேச்சு ஒங்களுக்கு எடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு அவுகளும் ஒங்க பேச்சே பேசுனாக" என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். எகிறிக் குதித்து முன்பக்கம் போய் என் கண்ணாலேயே பார்த்தேன். சின்னக் கோட்டைத் துணியால் அழித்துவிட்டு வாடைப் பக்கம் நாலு விரல் தள்ளிப் போட்டேன். பின்பக்கம் ஓடி வந்து பம்பைக் கழற்றினேன். "வாடைக்குக் கொஞ்சம்... இன்னும் மயிரிழை... நிறுத்துங்க" என்று நான் சொல்ல, அந்த அம்மா வீலைப் பிடித்தார். பம்பைப் பூட்டி முடித்தேன். எஞ்சின் சூடாகாமல் இருக்க, அது தண்ணீர் இழுக்கிற குழாயை அந்த அம்மா ஒரு வாளித் தண்ணீரில் போட்டார். ஹேண்டிலை நான் சுற்றுகிறேன், வேகம் வந்ததும் நான் சொல்லும்போது, உள்ளே காற்றை அடைக்கிற லீவரைப் போடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன்.

முதல் சுற்றில் ஒரு இருமல் வந்தது. இரண்டு நாளில் அதன் வாயிலிருந்து வந்த முதல் சத்தம். நாங்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டோம். கொப்புளம் உடைந்து ஹேண்டில் வழுக்கியது. சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு இரண்டாவது தடவை சுற்றினேன். "போடுங்க" என்றேன். லீவர் விழுந்தது. ஒரு கறுப்புப் புகை, அப்புறம் டுப்... டுப்... டுப்டுப்டுப் என்று எஞ்சின் பிடித்துக்கொண்டது. படகின் பலகையெல்லாம் அதிர்ந்தது. எங்கிருந்தோ அந்தக் கோழி கத்திக்கொண்டு ஓடியது. அந்த அம்மா வாளியைப் பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டார். அழுவதை நான் பார்க்கக் கூடாது என்று.

அன்றைக்குக் காலை பஸ் தாமதம். ரோட்டோரம் வேப்பமரத்தடியில் நின்றவருக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. வேறு ஊர்ப் படகு எதுவோ என்றுதான் முதலில் நினைத்தாராம். கடலில் ஒரு படகும் தெரியாதபோதுதான் திரும்பி நடந்திருக்கிறார். ஓடி வரவில்லை. ஓடி வந்து, அது இல்லை என்று ஆகிவிட்டால்? அதனால் நடந்தே வந்தேன் என்று பின்னால் சொன்னார்.

வந்தவர் படகின் ஓரத்தில் கை வைத்து அந்த அதிர்வைத் தொட்டுப் பார்த்தார். துணிப் பை தோளிலேயே தொங்கியது. நான் எஞ்சினை நிறுத்திவிட்டு, கோடு போட்ட கதையைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். அவர் சிரித்துவிட்டார். "நானுந்தான இங்கிட்டான்னு கேட்டேன். பாதி என்னுது" என்றார்.

அப்புறம் அவருக்கு ஞாபகம் வந்தது.

"அப்ப பிஸ்டனு?"

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பிஸ்டனை வெயிலில் வைத்துத் துடைத்தபோது பக்கத்தில் நின்றவர் அவர். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிஸ்டனுக்கு ஒண்ணும் இல்லண்ணே. அது நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியலைங்கிறத மறைக்க அப்படிச் சொல்லிட்டேன்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. தோளில் இருந்த பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். "பஸ்ஸு மட்டும் நேரத்துக்கு வந்திருந்தா..." என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன்.

மத்தியானம் ஆபீசர் வந்தார். ஊர் ஆட்கள் படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். அவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். படகு அந்த ஊரிலேயே நின்றது. அதற்குப் பிறகு பல வருஷம் அந்த எஞ்சினை நான்தான் பார்த்தேன். பஸ்ஸை விட்டு நான் இறங்கினாலே, "இங்கிட்டு மேஸ்திரி வந்துட்டாருடா" என்று கரையில் சத்தம் கேட்கும். அந்தப் பட்டப்பெயரை உங்கள் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

தெரியாது என்ற வார்த்தையைச் சொல்ல அதற்குப் பிறகு நான் கூச்சப்பட்டதில்லை. எதிரே இருக்கிறவன் எங்கே உட்கார்ந்து என் பேச்சைக் கேட்கிறான் என்று ஒரு நிமிஷம் யோசிக்காமல் பேசுவதும் இல்லை. நீங்கள் நாலு பேரும் நாலு ஊரில் வேலைக்கும் படிப்புக்கும் போகப் போகிறீர்கள். உங்களுக்குக் கொடுக்க என்னிடம் பெரிதாக வேறொன்றுமில்லை, இதைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை ஆலங்குடிக்குத் திரும்பினேன். கொட்டகையில் யாரும் இல்லை. வெளியே வந்து சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து, வடக்கைத் தெரிந்துகொண்டேன். பெட்டியின் மூடியைக் கழற்றி, மல்லாத்தித் தரையில் வைத்து, வடக்கு ஓரத்தில் 'வா' என்றும் தெற்கு ஓரத்தில் 'சோ' என்றும் ஆணியால் கீறினேன். கீறி முடித்து எழுந்து, சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்க் குந்தி, அங்கிருந்து ஒரு தரம் வாசித்துப் பார்த்தேன். எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. வாடை மட்டும் வாடைப் பக்கமே இருந்தது.